சர்க்கரை நோயில் பாதம் இரவில் எரிவது ஏன்?

இரவில் போர்வை பட்டாலே பாதம் எரிகிறது, பகலில் அவ்வளவு இல்லை, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடம் ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாகவே இருந்தால் நரம்பும் கெடும், நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களும் கெடும். உடம்பிலேயே நீளமானவை கால்விரல் வரை ஓடும் நரம்புகள். முதல் அடி அவற்றுக்குத்தான். அதனால்தான் விரல்நுனியில் தொடங்கி, காலுறை போட்ட மாதிரி மேலே ஏறுகிறது. பகலில் வேலையில் கவனம் போய்விடும். படுத்தால் வலி மட்டுமே மிஞ்சும்.

வலியை விட, கால் மரத்துப்போவதுதான் எனக்குப் பயம். ஷூவுக்குள் கிடக்கும் சின்னக் கல் நாள் முழுக்கக் குத்தினாலும் தெரியாது. சாயங்காலம் காலுறையில் ரத்தக்கறையைப் பார்த்த பிறகுதான் புண் இருப்பதே தெரியும். தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், விரலிடுக்கையும் விடாதீர்கள்.

சாதாரண வலி மாத்திரைக்கு இது பெரிதாகக் கேட்காது. பிரீகாபலின், டுலோக்செடின் போன்ற நரம்பு வலி மருந்துகள் உண்டு. எது, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அப்புறம், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுகிறீர்கள் என்றால் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்தாலும் இதே எரிச்சல் வரும், அதைச் சரிசெய்ய வழி இருக்கிறது.