முழுநேர எம்.பி.ஏ.வா, வார இறுதிப் படிப்பா, ஓராண்டுப் படிப்பா?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஐந்து ஆண்டுகளாக மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை, எம்.பி.ஏ. படிக்க ஆசை. முழுநேரம், பகுதிநேரம், ஓராண்டு, எக்ஸிகியூட்டிவ் என்று வகை வகையாகக் கிடக்கிறதே, எதில் சேருவது?

தவறான வகையில் சேர்ந்து, இரண்டரை ஆண்டு சனி ஞாயிறுகளைப் பறிகொடுத்தவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன்.

நான் கணக்குப் பிரிவில் இருந்தேன். விற்பனை, விளம்பரம் பக்கம் தாவ வேண்டும் என்பது திட்டம். சம்பளத்தை விட மனமில்லாமல் வார இறுதிப் படிப்பில் சேர்ந்தேன். பாடத்தில் ஒரு குறையும் இல்லை. முழுநேர மாணவர்களுக்கு எடுத்த அதே பேராசிரியர்கள்தாம். இரண்டாம் ஆண்டில் ஒரு பெரிய நுகர்பொருள் நிறுவனம் நேர்காணலுக்கு வருவதாக அறிவிப்புப் பலகையில் பார்த்துவிட்டு, அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்பு சொல்லி, சுயவிவரத்தோடு வேலைவாய்ப்புப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்தவர் தாளைப் பார்க்கவில்லை. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார். வார இறுதிக்காரர்களுக்குப் பச்சை நாடா. “இது முழுநேர மாணவர்களுக்கு மட்டும் சார். நீங்கள்தான் ஏற்கெனவே வேலையில் இருக்கிறீர்களே?” என்றார். அவர் மேல் தப்பில்லை. விவரக் கையேட்டிலேயே அது அச்சாகியிருந்தது. நான்தான் பாடத்திட்டப் பக்கங்களை மட்டும் படித்திருந்தேன்.

ஆகவே படிப்பின் பெயரை விடுங்கள். துறை மாறப்போகிறீர்களா, இருக்கும் துறையிலேயே மேலே போகப்போகிறீர்களா? முதலில் தீர்க்க வேண்டியது இதுதான்.

மாறுவதென்றால் இரண்டாண்டு முழுநேரப் படிப்புக்கு ஈடானவை குறைவு. காரணம் வகுப்பறை அல்ல, இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவில் வரும் கோடைக்காலப் பயிற்சி. அனுபவமே இல்லாத துறையில் உங்களை நேரடியாக வேலைக்கு எடுக்க எந்த நிறுவனமும் தயங்கும். எட்டுப் பத்து வாரம் வைத்துப் பார்ப்பதற்கு அவ்வளவு தயங்காது. பலருக்கு வேலை அந்த வாசல் வழியாகத்தான் கிடைக்கிறது. ஓராண்டுப் படிப்புகள் பலவற்றில் இதற்கு இடமே இருக்காது. பிரான்சின் புகழ்பெற்ற மேலாண்மைப் பள்ளியான இன்சியாடின் எம்.பி.ஏ. படிப்பு பத்து மாதம். அங்கேயும் ஜனவரியில் சேர்பவர்களுக்குத்தான் பயிற்சிக்குத் தோதாகக் கோடை இடைவெளி வாய்க்கும். துறை மாறாதவர்களுக்குப் பயிற்சி இல்லாதது பெரிய இழப்பில்லை, ஓராண்டுச் சம்பளம் மிச்சம்.

சோதனைப் பிரிவிலிருந்து உங்கள் நிறுவனத்திலேயே தயாரிப்பு மேலாண்மைக்கு (புராடக்ட் மேனேஜ்மென்ட்) நகர்வதுதான் எண்ணம் என்றால் வேலையை விடாதீர்கள், பகுதிநேரமே போதும். நிறுவனம் கட்டணம் தருகிறது என்றால் மட்டும் கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தைப் பாருங்கள்: படிப்பு முடிந்து இத்தனை ஆண்டுக்குள் விலகினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரி பெரும்பாலும் இருக்கும்.

எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ. உங்களுக்கு இப்போது வேண்டாம். 1943இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதைத் தொடங்கியதே ஏற்கெனவே பொறுப்பில் இருந்தவர்களுக்காகத்தான். மேலாண்மை முதுகலை என்ற பெயரில் வருவது, கல்லூரி முடித்த கையோடு சேர்பவர்களுக்கானது. நீங்கள் அந்த வயதைத் தாண்டிவிட்டீர்கள். நிதி, தரவுப் பகுப்பாய்வு போன்ற தனித்துறை முதுகலைகள், போய் உட்காரப்போகும் நாற்காலி எது என்று தெரிந்தவர்களுக்கு நல்லவை. தெரியாதவர்களை அவை ஒரே சந்துக்குள் தள்ளிவிடும்.

தர அங்கீகாரம் பற்றி ஒரு வார்த்தை. மேலாண்மைப் பள்ளிகளுக்குக் கிடைக்கும் சர்வதேச முத்திரைகளான ஏ.ஏ.சி.எஸ்.பி., ஈக்விஸ், ஆம்பா மூன்றும் மதிப்பானவை. எம்.பி.ஏ. மாணவர்களுக்குக் குறைந்தது மூன்றாண்டு வேலை அனுபவம் வேண்டும் என்று ஆம்பா கேட்கிறது, அது வகுப்பின் தரத்துக்கு நல்லது. ஆனால் வார இறுதி மாணவர்களை வேலைவாய்ப்புப் பிரிவு உள்ளே விடுமா என்பதை எந்த முத்திரையும் சொல்லாது. நான் படித்த இடத்திலும் முத்திரை இருந்தது.

அதை நீங்களே கேட்க வேண்டும். “நான் சேரப்போகும் இதே பிரிவிலிருந்து சென்ற ஆண்டு எத்தனை பேர் துறை மாறினார்கள்? வளாக நேர்காணலில் அவர்களுக்கு இடம் உண்டா?” என்று மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் எல்லோரும் “வாய்ப்பு உண்டு” என்றுதான் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.