‘சும்மா தந்த சீடிக்கு வாரண்டி இல்லை’ என்கிறார் கடைக்காரர்

பரந்தனில் அரிசி ஆலை நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஆட்களின் வரவைப் பதியக் கிளிநொச்சியில் கைரேகை மெசின் வாங்கினேன். விரலைப் பிடிக்கிறது. ஆனால் பெட்டிக்குள் வந்த சீடியிலுள்ள மென்பொருள் லப்டொப்பில் வேலை செய்யவில்லை. ‘அது இலவசம், நாங்கள் விற்ற சாமான் இல்லை’ என்கிறார் கடைக்காரர். சரிதானா?”

என் பார்வையில் சரியில்லை. மென்பொருளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது விரல் வைத்தால் ‘பீப்’ என்று கத்தும் ஒரு பெட்டி. யார் எத்தனை மணிக்கு வந்தார் என்ற பட்டியல் வராவிட்டால் சம்பளம் போடுவது எப்படி? நீங்கள் காசு கொடுத்ததே அந்தப் பட்டியலுக்குத்தான். (பென் டிரைவில் பட்டியல் எடுக்கும் வசதி மெசினிலேயே இருந்தால் கடைக்காரர் பக்கம் கொஞ்சம் பலம் கூடும். பார்த்துக்கொள்ளுங்கள்.)

இலங்கையில் எங்களுக்கு இன்னும் 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம்தான். எழுதியவர்கள் கம்பியூட்டரைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். காசு தவிர்ந்த அசையும் பொருளெல்லாம் அதில் ‘பொருள்’. மென்பொருள் மட்டும் தனியே பொருளாகாது, அது பதிந்த டிஸ்க் பொருளாகும் என்று 1996இல் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிபதி ஒருவர் கருத்துச் சொன்னார். எங்கள் சட்டம் அவர்களின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதியது என்பதால்தான் அதை இங்கே சொல்கிறேன். உங்களுக்கோ சீடியும் மெசினும் ஒரே பெட்டியில், ஒரே விலைக்கு வந்திருக்கின்றன. மென்பொருள் ‘பொருளா’ இல்லையா என்ற வாதத்துக்கே போகத் தேவையில்லை.

சிக்கல் வேறிடத்தில். ‘சம்பளக் கணக்குக்கு வேணும்’ என்று சொல்லி, கடைக்காரரின் பேச்சை நம்பி வாங்கியிருந்தால், மெசின் அந்தத் தேவைக்கு உதவியாக வேண்டும். ‘இன்ன கம்பனி, இன்ன மொடல் தாங்கோ’ என்று பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் அந்தப் பிடி தளர்ந்துவிடும்.

லப்டொப் வாங்கும்போது கடையில் ஏற்றித் தரும் லிப்ரே ஒபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் வேறு கதை. அது இல்லாமலும் லப்டொப் ஓடும். உத்தரவாதம் இல்லை என்று அதன் உரிமத்திலேயே இருக்கிறது.

முதலில் சீடி எந்த விண்டோஸுக்கு உரியது என்று பெட்டியில் பாருங்கள். பழைய பதிப்பென்றால் புதியதைக் கேட்டு வாங்குங்கள். மறுத்தால், வாங்கி மூன்று மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். விசாரிக்க 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். அதற்கு முன், பில்லை இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். கடையின் பில் மெசினில் அடித்த அந்த வழுவழுத் தாள், வன்னி வெயிலுக்கு எழுத்தெல்லாம் போய் வெள்ளையாகிவிடும்.