தலைவியும் சேத்தாளியும்

அன்புள்ள அம்மா,

வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக வேலை செய்கிறேன். வயது 34. எங்களுக்கு ஆர்டர் தரும் இங்கிலாந்து பையரின் அலுவலகத்துப் பெண் ஒருத்தி சொல்லி, பிபிசி ஒளிபரப்பிய ‘மிஸ்ட்ரஸஸ்’ என்னும் தொடரைக் கைப்பேசியில் பார்த்து முடித்தேன். நான்கு தோழிகளின் கதை. மருத்துவரான கேட்டி தன் நோயாளியைக் காதலித்தவள். அவன் இறந்தபின் அவனுடைய மகன் அவளைத் தேடி வருகிறான். வழக்கறிஞரான ஷிவோனுக்குக் குழந்தை இல்லை என்ற ஏக்கம். கணவன் இருக்க, உடன் வேலை செய்பவனோடு உறவு. நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலில் கணவனை இழந்ததாக நம்பி வாழும் ட்ரூடி, அடுத்த வாழ்க்கையைத் தொடங்கத் தயங்குகிறாள். விழா ஏற்பாட்டாளரான ஜெஸிகா, இரண்டு பெண்களின் மணவிழாவுக்கு ஏற்பாடு செய்யப் போய் அவர்களில் ஒருத்தியிடமே மனத்தைப் பறிகொடுக்கிறாள்.

இவர்கள் செய்வது எதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் ஒருத்தியைக்கூட வெறுக்க முடியவில்லை என்பது உறுத்துகிறது. என் மாமியார் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. தலைப்பைப் பார்த்துவிட்டு, “பள்ளிக்கூடத்துக் கதையா கண்ணு?” என்று கேட்டார்கள். ஆமாங்க அத்தை என்று சொல்லிவிட்டேன். அதுவும் உறுத்துகிறது.

நம் தொடர்களில் ஏன் இப்படிப்பட்ட தோழிகளே இல்லை? நம் ஊரில் இப்படி ஒரு கதையை வைக்க முடியுமா? நீங்கள் எழுதுவீர்களா?

பெயர் வெளியிட வேண்டாம்.
ஒரு வாசகி, திருப்பூர்

*

அன்புள்ள மகளுக்கு,

அகத்திணையில் காதலர் எவருடைய பெயரையும் சுட்டிச் சொல்லலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. காதலித்தவர்களுக்கு மட்டுமல்லாமல், காதல் கதையைக் கைப்பேசியில் பார்த்தவர்களுக்கும் அந்த நெறி இன்று தேவைப்படுகிறது போலும். உங்கள் பெயரை விட்டுவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகுதான் நானும் அந்தத் தொடரைப் பார்த்தேன். 2008இல் ஆறு அத்தியாயங்கள், 2009இல் மேலும் ஆறு, 2010இல் நான்கு, ஆக 16 அத்தியாயங்களில் கதை முடிந்துவிடுகிறது. நம் தொடர்களில் 16 அத்தியாயங்களுக்குள் ஒரு நிச்சயதார்த்தம்கூட முடியாது. முதல் இரண்டு பகுதிகளை விரும்பிப் பார்த்தேன். மூன்றாம் பகுதியைக் கடமைக்குப் பார்த்தேன்.

வெறுக்க முடியவில்லை என்கிறீர்கள். அந்த நால்வரும் செய்வது சரியென்று தொடர் வாதாடியிருந்தால் நீங்கள் எளிதாக வெறுத்திருப்பீர்கள். ஷிவோனின் கணவன் ஹரி நல்லவன். அவனுக்குச் செய்யப்படுவது துரோகம் என்பதைத் தொடர் எங்கும் மூடி மறைக்கவில்லை. ஆனால் அந்தத் துரோகத்தை நாம் ஊராரின் இடத்தில் நின்று பார்ப்பதில்லை, ஹரியின் இடத்தில் நின்றும் பார்ப்பதில்லை. அவளுக்கு எதிரே அமர்ந்து, அவள் அடுத்து என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருக்கும் இன்னொரு பெண்ணின் இடத்தில் இருந்து பார்க்கிறோம். அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டவர்களால் திட்ட முடியும், கோபித்துக்கொண்டு எழுந்து போகவும் முடியும். வெறுப்பது மட்டும் கடினம். அந்த இடத்துக்கு நம் பக்கத்தில் ஒரு சொல் இருக்கிறது: சேத்தாளி. நீங்கள் திருப்பூரில் பிறந்து வளர்ந்தவராக இருந்தால் அம்மிச்சியின், அதாவது அம்மாவைப் பெற்றவளின், வாயில் இதைக் கேட்டிருப்பீர்கள். சேர்ந்திருப்பவள் என்பதற்கு மேல் அதில் பொருள் ஒன்றும் இல்லை.

தலைப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். வைப்பாட்டி, தொடுப்பு, சின்ன வீடு என்று நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை; ஆனால் எல்லாமே ஆணின் வீட்டுத் திண்ணையிலிருந்து அளந்து வைத்த பெயர்கள். அவன் வைத்தவள், அவன் தொடுத்துக்கொண்டவள், அவனுடைய இரண்டாம் வீடு. ஆங்கிலச் சொல்லுக்கும் அந்தக் கறை உண்டு என்றாலும், ஆளுகிறவள், கற்பிக்கிறவள் என்ற பழைய பொருளும் அதற்குள் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆகவே உங்கள் அத்தை கேட்டது பிழையான கேள்வியன்று. 30 ஆண்டுகளோ என்னவோ தன் பெயருக்குப் பின்னால் அந்தச் சொல்லைச் சுமந்தவர் வேறு எப்படிக் கேட்பார்?

இனி உங்கள் முதற்கேள்வி. தோழி இல்லாத இலக்கியம் நம்முடையது என்று யாரும் சொல்லிவிட முடியாது. குறிஞ்சிப்பாட்டின் 261 அடிகளும் ஒரு தோழியின் ஒரே பேச்சுத்தான். தலைவியின் காதலை, அவளை வளர்த்த தாயான செவிலியிடம் எடுத்துச் சொல்லி அறத்தொடு நிற்கிறாள். குறுந்தொகையின் 23ஆம் பாட்டில், மகளுக்கு என்ன நோய் என்று குறி பார்க்க வந்தவளிடம், ‘அவனுடைய மலையைப் பாடினாயே, அந்தப் பாட்டை இன்னும் ஒருமுறை பாடு’ என்று கேட்கிறாள் தோழி. ஔவையார் பாடியது. கட்டுவிச்சியைக் கேட்பது போல, கேட்டுக்கொண்டிருக்கும் தாயின் காதில் செய்தியைப் போட்டுவிடும் அந்தச் சாதுரியத்தை இன்றைக்கும் எந்த வசனகர்த்தாவாலும் மிஞ்ச முடியாது. மணத்துக்குப் பிறகும் அவள் விடுவதில்லை. பரத்தை வீட்டிலிருந்து திரும்பும் தலைவனுக்கு வாயில் மறுப்பவளும் அவள்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இத்தனை பாட்டுகளில் இத்தனை பேசும் தோழிக்குத் தன் காதல் என்று ஒன்று உண்டா? அவளுக்காக இரவில் மலைவழி கடந்து வருபவன் யார்? அவளை அலர் தூற்றியவர்கள் யார்? மரபு அதைக் கேட்பதில்லை. செவிலியின் மகள் என்று சொல்லி அவளை வீட்டுக்குள் வைத்ததோடு தொல்காப்பியம் நின்றுவிடுகிறது. தலைவியின் துயரத்துக்குச் செவி, தலைவியின் காதலுக்குக் கால், தலைவியின் மானத்துக்கு வாய், அவ்வளவுதான் அவள். நம் திரைப்படங்களின் கதாநாயகிக்குப் பக்கத்தில் சைக்கிள் தள்ளிக்கொண்டு வரும் பெண், கடிதத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு இடைவேளைக்குப் பிறகு காணாமல் போகிறவள், அந்தத் தோழியின் நேர் வாரிசு.

எனக்கு அந்த ஆங்கிலத் தொடரில் புதிதாகப் பட்டது இதுதான். நான்கு பேரும் முறை வைத்துக்கொண்டு தலைவியாகிறார்கள், முறை வைத்துக்கொண்டு தோழியாகிறார்கள். இன்று கேட்டியின் புலம்பலைக் கேட்ட ட்ரூடி நாளை தானே வாய் திறக்க வேண்டும். இறந்ததாக நினைத்த கணவன் உயிரோடு வந்து நிற்கும்போது அவளுக்கு மற்ற மூன்று பேரின் செவி வேண்டும். கேட்டவள் சொல்ல வேண்டும், சொன்னவள் கேட்க வேண்டும் என்ற இந்த ஒப்பந்தம் முறியும் இடங்களில்தான் அந்தத் தொடர் உண்மையில் வலிக்கிறது. கள்ளக்காதல்களை எடுத்துவிட்டு வேறு எந்தத் துன்பத்தை வைத்தாலும் இந்தக் கதை நிற்கும் என்றே நினைக்கிறேன்.

நம் தொடர்களுக்கு இது ஏன் வாய்க்கவில்லை என்றால், அவை நடக்கும் இடம் வீடு. வீட்டுக்குள் வருகிறவளுக்கு ஒரு முறை வேண்டும்: மாமியார், நாத்தனார், ஓரகத்தி, நங்கையா, அல்லது அழையாமல் வந்த இரண்டாம் மனைவி. எந்த முறையும் இல்லாத ஒருத்திக்கு அந்தக் கூடத்தில் உட்கார நாற்காலி இல்லை. கொங்குக் கல்யாணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளுக்கு இணைச்சீர் உண்டு, சடங்குகளை நடத்திவைக்கும் அருமைக்காரருக்கு மணவறையில் இடம் உண்டு, மாமனுக்கு மரியாதை உண்டு. பெண்ணின் சேத்தாளிக்கு ஒரு சீரும் கிடையாது, போட்டோவுக்கு நிற்கலாம். நம் கோயில்களில் விடிய விடியப் பாடப்படும், பொன்னர் சங்கர் என்னும் உடன்பிறந்தவர்களின் அண்ணன்மார் கதையிலும் மனத்தில் நிற்கும் பெண்கள் தாமரையும் தங்காளும். ஒருத்தி தாய், மற்றொருத்தி தங்கை. பொன்னர் சங்கருக்குச் சாம்புவன் உடன் நின்றான். தங்காளுக்கு உடன் நின்றவளை நான் கேட்ட எந்த உடுக்கைப் பாட்டிலும் பார்த்ததில்லை.

நிலமும் ஒரு காரணம். காவிரிக்குக் கீழே உள்ள ஊர்களைப் போல நம் வீடுகள் தெருவில் ஒட்டி நின்றவையல்ல. அவரவர் தோட்டத்தில் அவரவர் சாளை. அடுத்த சாளைக்கு இரண்டு வரப்பும், வேலிகளுக்கு நடுவே போகும் ஒரு இட்டேரியும் கடக்க வேண்டும். இன்னொரு தோட்டத்துக்கு வாக்கப்பட்டுப் போன பெண்ணுக்குப் பழமை பேச ஆள் என்றால் மாட்டுக்கொட்டகையில் நிற்கும் எருமைதான். விதைக்காய் உரிக்கும் இரவுகளிலும் பருத்தி எடுக்கும் பகல்களிலும் நாலு பெண்கள் சேர்வார்கள். அங்கே நடந்த பேச்சுகளைச் சிறுமியாக இருந்து கேட்டவள் நான். நான் கிட்டே போனதும் பேச்சு மழையைப் பற்றி மாறிவிடும்.

இதே கதையை 2013இல் அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்று நான்கு பருவங்களில் 52 அத்தியாயங்களாக நீட்டியபோது, நால்வரில் இருவரை உடன்பிறந்தவர்களாக மாற்றிவிட்டார்கள். அதைப் படித்ததும் சிரித்தேன். உறவுமுறை இல்லாமல் இரண்டு பெண்களை ஒரே காட்சியில் வைத்திருக்கும் தைரியம் அங்கேயும் குறைவு போலிருக்கிறது. 2018இல் கொரியாவிலும் 2019இல் ஜப்பானிலும் கூட இந்தக் கதையை எடுத்திருக்கிறார்கள். ஆகவே அந்த ஊர்ப் பழக்கம் நமக்கு எதற்கு என்று ஒதுக்கிவிட முடியாத கதை இது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். அந்த நால்வருக்கும் நேரம் மலிவாகக் கிடைக்கிறது. ட்ரூடிக்கு இரண்டு பெண் குழந்தைகள், கேட்டிக்கு மருத்துவமனை, ஷிவோனுக்கு நீதிமன்றம், இருந்தும் மாலையில் ஒயின் கோப்பையோடு அமர ஒரு மேசை எப்போதும் காத்திருக்கிறது. பாத்திரம் கழுவுவது யார் என்று நான் பல காட்சிகளில் யோசித்தேன். உங்கள் நிறுவனத்தில் செக்கிங் மேசையிலும் பவர் டேபிளிலும் இருக்கும் பெண்கள் ஒன்றரை ஷிப்ட் முடித்து, கம்பெனி வேனில் ஏறி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது இரவு ஒன்பது ஆகிவிடும். அவர்களுக்குப் பேச வாய்க்கும் நேரம் டீ டைமும், தூக்குப்போசியைத் திறந்து வைத்து உண்ணும் அரைமணியும், வேனின் கடைசி இருக்கையும்தான்.

ஆனால் நம் கதைக்கு வேண்டிய இடமும் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வேனில் யாருக்கும் யாரும் நாத்தனார் இல்லை. ஒருத்தி அந்தியூர்க்காரி, ஒருத்தி தேனியிலிருந்து வந்தவள், ஒருத்தி ஒடிசாவிலிருந்து வந்து இரண்டே ஆண்டில் நம் பேச்சைப் பிடித்துக்கொண்டவள். சீரும் இல்லை, முறையும் இல்லை, சேர்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அங்கே சொல்லப்படும் காதல்கள் பிரிஸ்டலில் படமாக்கப்பட்டவற்றைவிடச் சிக்கல் குறைந்தவையாக இருக்கும் என்று நான் நம்பவில்லை. இங்கே அவற்றுக்குள் சாதி இருக்கும், நகைக்கடன் இருக்கும், ஊரில் விட்டுவந்த பிள்ளை இருக்கும். முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். ஆனால் அதை எழுத வேண்டியவர் அந்த வேனில் போய்வருகிறவராக இருக்க வேண்டும். நான் தோட்டத்தில் பிறந்து கல்லூரியில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவள்.

நான் எழுதத் தயங்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் கோவையில் ஒரு மகளிர் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தபோது எனக்கு ஒரு காதல் இருந்தது. வேறு சாதி, வேறு ஊர், எப்படி முடிந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடுதியில் கடிதங்களைப் பிரித்துப் பார்ப்பார்கள் என்பதால், என் கடிதங்களை எல்லாம் என் அறைத்தோழி ஒருத்திதான் ரயில் நிலையத்து ஆர்எம்எஸ் (ரயில்வே அஞ்சல் சேவை) பெட்டியில் கொண்டு போய்ப் போட்டுவருவாள். அதில் போட்டால் ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேரும் என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். காங்கயம் பக்கத்துக்காரி. மூன்று ஆண்டுகள் நான் சொன்னதை எல்லாம் கேட்டாள், அழுதபோது தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், என் கல்யாணத்தில் போட்டோவுக்கு நின்றாள்.

உங்கள் தொடரின் நான்காவது அத்தியாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த மூன்று ஆண்டுகளில் ஒருநாள்கூட அவளிடம் ‘உனக்கு?’ என்று நான் கேட்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. கைப்பேசியை நிறுத்திவிட்டு அவளை அழைத்தேன். பால் கறக்கும் நேரம்; சொசைட்டி வண்டி வந்துவிடும் என்ற அவசரத்தில் இருந்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. மாட்டின் கழுத்துமணி மட்டும் கேட்டது. பிறகு சொன்னாள்: “அதெல்லாம் போன்ல பேசற பழமையா புள்ள? ஒரு நாள் தங்கற மாதிரி வா.”

வரும் புதன்கிழமை போகிறேன். அவள் சொல்லப் போவதைக் கதையாக எழுத மாட்டேன் என்பதை இப்போதே உங்களிடம் சொல்லிவைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா