பையைத் திறக்கச் சொன்னால்

நியூயார்க் வந்து மூன்று வாரமே ஆன ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சப்வே (பாதாள ரயில்) வாசலில் போலீஸ் மேஜை போட்டுப் பையைத் திறக்கச் சொன்னார்கள். காட்டிவிட்டேன். மறுத்திருந்தால் விசாவுக்குச் சிக்கல் வருமா? உள்ளே அம்மா கட்டிக்கொடுத்த விபூதிப் பொட்டலம் வேறு இருந்தது!"

தம்பி, சென்னை மெட்ரோவில் தினமும் பையை ஸ்கேனரில் போட்டுப் பழகிய நமக்கு இப்படியொரு கேள்வியே தோன்றாது. நானும் முதல் நாள் வாயைத் திறக்காமல் ஜிப்பைத் திறந்தவன்தான்.

2005 ஜூலையில் லண்டன் ரயில்களில் குண்டு வெடித்த பிறகு இங்கே இந்தச் சோதனை தொடங்கியது. அமெரிக்க அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் நியாயமற்ற சோதனைக்கு இடம் தருவதில்லை. சந்தேகமே இல்லாதவன் பையை எப்படித் திறக்கலாம் என்று பயணிகள் சிலர் வழக்குப் போட்டார்கள். 2006-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சோதனை செல்லும் என்றது. ஆனால் அதற்குச் சொன்ன காரணங்களைப் பாருங்கள்: இத்தனை பேருக்கு ஒருவர் என்று முன்பே கணக்கு வைத்துத்தான் நிறுத்துகிறார்கள், ஆள் முகத்தைப் பார்த்து இல்லை, தேடுவது வெடிபொருளை, பிடிக்காதவர் திரும்பிப் போய்விடலாம்.

அந்தக் கடைசி விஷயம்தான் உங்களுக்கான பதில். "நோ, தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டுப் படியேறினால் அதற்காக மட்டும் கைது செய்ய முடியாது. என்ன, அந்தப் பையோடு ரயில் கிடையாது. அடுத்த வாசல் வழியாக நைசாக நுழையப் பார்க்காதீர்கள், அது வம்பு. நான் ஒரு முறை மறுத்துவிட்டு பஸ்ஸில் போனேன். ஆபீசுக்கு நாற்பது நிமிஷம் தாமதம், வேறொன்றும் நடக்கவில்லை. வீட்டில் வாங்கிய திட்டு தனிக்கணக்கு.

இந்த உரிமைக்குக் குடியுரிமை வேண்டும் என்பதில்லை. இங்கே வாழ்கிற நமக்கும் உண்டு. ஆனால் வெளிநாட்டவர் பதினெட்டு வயதுக்கு மேல் என்றால் பதிவு ஆவணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நாட்டுக்குள் வந்ததைக் காட்டும் ஐ-94 பதிவின் பிரிண்ட் ஒன்றைப் பர்ஸில் போட்டுவையுங்கள்.

விமான நிலையத்தில் இந்தக் கதை செல்லாது. சோதனை வரிசையில் நுழைந்த பிறகு "வேண்டாம், நான் கிளம்புகிறேன்" என்பதெல்லாம் எடுபடாது. ஊரிலிருந்து வந்து இறங்கும்போது கஸ்டம்ஸில் பெட்டியைத் திறக்க அவர்களுக்குச் சந்தேகமே தேவையில்லை.

தெருவில் போலீஸ்காரர் "பையைப் பார்க்கலாமா?" என்று சிரித்தபடி கேட்பது வேறு ரகம். அங்கே "சரி" என்றால் நீங்களே சம்மதம் கொடுத்ததாகிவிடும். "ஐ டோன்ட் கன்சென்ட்" என்று தணிவாகச் சொல்லுங்கள், கையைப் பைக்குள் விடாதீர்கள். மீறித் திறந்தால் தடுக்கப் போகாதீர்கள். அதை அப்புறம் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

விபூதியா? என் பையில் ஒரு முறை அகப்பட்டது. வெள்ளைத் துணியால் பையைத் துடைத்து மெஷினில் வைத்தார்கள், ஒன்றும் அலறவில்லை. "வாட் இஸ் திஸ்?" என்றார் போலீஸ்காரர். "ஹோலி ஆஷ்" என்றேன். பொட்டலத்தை மோந்து பார்த்துத் தும்மிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.