அம்மா போன் வந்தால் ஏன் மொட்டை மாடி?

கேள்வி: நான் 2003-ல் கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்தவள். அம்மா 1990-ல், 11 வயதில், மன்னார் பேசாலையிலிருந்து படகில் வந்தவர். பி.காம். முடித்து அம்பத்தூரில் கணக்கு வேலை பார்க்கிறேன், லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறேன். முகாமில் போல ஆள் இருக்கிறார்களா என்று பார்க்கும் செக்கிங் இங்கே கிடையாது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். முதல் முறையாகச் சுதந்திரமாக இருக்கிறேன். அறைத்தோழிகளிடம் சொந்த ஊர் மதுரை என்று சொல்லியிருக்கிறேன். அம்மா போன் வந்தால் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசிவிடுவேன், அதனால் பிரச்சினை இல்லை. அம்மாவோ ஊருக்கே திரும்பிவிடலாம் என்கிறார். இங்கே குடியுரிமை இல்லை, அங்கே யாரையும் தெரியாது. 2035-ல் நான் எந்த நாட்டுக்காரி?
- பெயர் வேண்டாம், அம்பத்தூர்

பதில்: உன் வயதில் எனக்கு ஒரு பெண் இருக்கிறாள், அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். நாடு அப்புறம். 'அதனால் பிரச்சினை இல்லை' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாயே, அதற்கு முதலில் பதில் சொல்.

மாடிக்கு ஏன் போகிறாய்? "என்ன பிள்ளை, சாப்பிட்டியே?" என்று அம்மா கேட்பது பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்டுவிடும். நீயும் மறந்துபோய் "பிறகு கதைக்கிறன்" என்பாய். "என்னடி, மலையாளமா?" என்பாள் அவள். இவ்வளவுதானே? முகாமில் மற்றவர்கள்தான் உன்னைச் செக்கிங் செய்தார்கள். ஹாஸ்டலில் நீயே செய்துகொள்கிறாய், அதுவும் தினமும். இதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்திருக்கிறாய்.

வாடகை வீட்டுக்காரரிடம் மறைத்திருந்தால் ஒன்றும் சொல்லமாட்டேன். 1991-ல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு 'சிலோன்காரங்க' என்றாலே வீடு இல்லை என்று சொன்னவர்கள் என் தெருவிலும் உண்டு. நானும் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் உன் அறையில் இருப்பவர்கள் அதற்கெல்லாம் பிறகு பிறந்த பிள்ளைகள். அவர்களிடம் உனக்கு இருப்பது பயம் இல்லை, கூச்சம். முகாமின் ஒற்றை அறையில் வைத்து உன்னை பட்டதாரி ஆக்கிய அம்மாவின் பேச்சைக் கேட்டா கூச்சம்? எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, நாட்டுக்கு வருவோம். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. அந்தச் சலுகை உனக்கு இல்லை, அப்பா அம்மா இருவரில் ஒருவராவது இந்தியராக இருந்திருக்க வேண்டும். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டமோ பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது. 2021-ல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். நல்லதுதான், ஆனால் அதை வைத்து பாஸ்போர்ட் எடுக்க முடியாது.

பெற்றோர் இலங்கைக் குடிமக்கள் என்பதால், உன் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து அந்த நாட்டுக் குடியுரிமைச் சான்றிதழ் கேட்கலாம். வாங்கிய மறுநாளே கிளம்பியாக வேண்டும் என்றில்லை. எந்த நாடும் இல்லாதவளாக இருப்பதைவிட மேல். ஆனால் அதற்குப் பெற்றோரின் பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு எல்லாம் கேட்பார்கள். அவை யாரிடம் இருக்கும்? தொலைந்திருந்தால் எந்த ஊர், எந்தப் பள்ளி என்று யார் சொல்வார்? வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள் என்றால் ஞானஸ்நானப் பதிவு எந்தக் கோயிலில் என்று யாருக்குத் தெரியும்? மாடியில் நின்று இரண்டு நிமிடத்தில் பேசி வைத்துவிடுகிறாயே, அவருக்குத்தான்.

அம்மா போகிறார் என்பதற்காக நீயும் போ என்று சொல்லமாட்டேன். 2035-ல் அவருக்கு 56 வயது. உனக்கு மட்டும் ஒரு நாட்டைத் தேடிக்கொண்டு அவரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், கணக்கு வேலை பார்த்து என்ன பயன்? பெற்றவளைப் பார்த்துக்கொள்வது பிள்ளையின் பொறுப்புதான். இதில் நான் பழைய ஆள், இருந்துவிட்டுப் போகிறேன்.

பேசின் பிரிட்ஜில் மாறினால் கும்மிடிப்பூண்டி ரயில். இந்த ஞாயிற்றுக்கிழமை போய் அந்தக் காகிதங்களை எடுத்துப் பார். மதுரைக் கதையை அதற்கு முன்பே சொல்லிவிட்டு, பக்கத்துக் கட்டில்காரியையும் கூட்டிக்கொண்டு போ. அம்மா இடியாப்பமும் சொதியும் வைப்பார், அவளும் சாப்பிடட்டும்.