குணமான மலேரியா திரும்ப வருமா?

கேள்வி: எனக்கு வயது 34. சென்னையில் வசிக்கிறேன். மார்ச் மாதம் வைவாக்ஸ் மலேரியா வந்து, மூன்று நாள் குளோரோகுயின் சாப்பிட்டதும் சரியானது. ஜூலையில் மறுபடி அதே குளிர்காய்ச்சல். இந்த முறை 14 நாள் பிரைமாகுயின் தர வேண்டும், அதற்கு முன் ‘ஜி6பிடி’ பரிசோதனை எடுங்கள் என்கிறார் டாக்டர். இது எதற்கு? என் தாய்மாமாவுக்கு ஒருமுறை மலேரியா மாத்திரையால் சிறுநீர் கறுத்து, கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டது.

பதில்: தாய்மாமாவுக்கு நடந்ததை உங்கள் டாக்டரிடம் இன்றே சொல்லுங்கள். பரிசோதனை முடிவு வரும்வரை பிரைமாகுயினைத் தொட வேண்டாம்.

சென்னையில் மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடும் அனாபிலஸ் கொசு உண்டு. அது புதிதாகக் கடித்திருக்கலாம். ஆனால் வைவாக்ஸ் கிருமிகளில் சில, கல்லீரல் செல்லுக்குள் போய் வளராமல் உறங்கிக் கிடக்கும். குளோரோகுயின் ரத்தத்தில் இருப்பதைத்தான் அழிக்கும். உறங்குவதை ஒன்றும் செய்யாது. வாரங்களோ மாதங்களோ கழித்து அது விழித்துக்கொள்ளும். கொரியாவில் குளிர்காலம் முழுக்க உறங்கிவிட்டு, கொசு பெருகும் கோடையில் எழும் வைவாக்ஸ் வகைகூட உண்டு. உறங்கும் கிருமியை அழிக்கத்தான் பிரைமாகுயின்.

விழித்த கிருமி ரத்தச் சிவப்பணுவுக்குள் நுழைந்து, ஹீமோகுளோபினைத் தின்று பெருகி, சுமார் 48 மணி நேரத்தில் அணுவை உடைத்துக்கொண்டு வெளியேறும். உங்களை நடுக்கும் குளிர் அந்த நேரத்தில் வருவதுதான். பல்லாயிரம் ஆண்டுகளாக மலேரியாக் கிருமி நம் அணுவுக்குள்ளேயே குடியிருந்து மனிதர்களைக் கொன்றதால், அந்த அணுவும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. சிவப்பணுவின் மேலுள்ள டஃபி என்ற புரதத்தைப் பிடித்துத்தான் வைவாக்ஸ் உள்ளே நுழைகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் பெரும்பாலோரின் சிவப்பணுவில் அந்தப் புரதமே இல்லை. வைவாக்ஸும் அங்கே மிக அரிது. இன்னொரு வகை மலேரியாவான ஃபால்சிபாரத்தின் கடுமையைக் குறைப்பது, சிவப்பணுவை அரிவாள் போல வளைக்கும் ‘அரிவாள் அணு’ மரபணு, அதுவும் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால். இருவரிடமிருந்தும் வந்தால் அதுவே கொடிய நோய். இந்தியாவில் அதை முதலில் கண்டறிந்தது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952-இல்.

ஜி6பிடி என்ற நொதியின் கதையும் இதே போலத்தான். இந்த நொதி, சிவப்பணுவை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காக்கிறது. நொதி குறைந்த அணுவுக்குள் கிருமி நுழைந்தால், அது பெருகி முடிக்கும் முன்பே அணு பழுதாகி, உடல் அதை அப்புறப்படுத்திவிடும் என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். மலேரியா நெடுங்காலம் இருந்த நாடுகளில்தான் இந்தக் குறைபாடு அதிகம். ஆனால் அதே அணு பிரைமாகுயினையும் தாங்காது. கூட்டம் கூட்டமாக உடையும். சிறுநீர் கறுப்பதும் கண் மஞ்சளாவதும் அதனால்தான். இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், மாமாவுக்கு இருந்தால் அம்மா வழியாக உங்களுக்கும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம்.

நொதி சரியாக இருந்தால் 14 நாளும், சாப்பாட்டுக்குப் பின், ஒரு வேளைகூட விடாமல் சாப்பிடுங்கள். ஐந்தாம் நாள் உடம்பு தேறியதும் நிறுத்துகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். திரும்பக் காய்ச்சலோடு வருவதும் அவர்கள்தான். குறைபாடு இருந்தால் வாரம் ஒரு முறை வீதம் 8 வாரம் தரும் முறை இருக்கிறது. அதை டாக்டரின் நேரடிக் கண்காணிப்பில்தான் எடுக்க வேண்டும். சிறுநீர் கடுங்காப்பி நிறமானாலோ, கண் மஞ்சளானாலோ, மூச்சு வாங்கினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முடிவு குறைபாடு என்று வந்தால், உங்கள் அக்கா தங்கைகளுக்கும் சொல்லுங்கள். அவர்களுடைய மகன்களுக்கும் மாத்திரை தருவதற்கு முன் இதே பரிசோதனை தேவை.