இசைத் தயாரிப்பு மென்பொருளை வைத்து மேடையில் டிஜே நிகழ்ச்சி நடத்தலாமா?

எஃப்எல் ஸ்டூடியோ போன்ற இசைத் தயாரிப்பு மென்பொருள், ஒரு பாட்டைத் தடம் தடமாகக் கட்டி எழுப்புவதற்கானது. டிஜேயின் வேலை வேறு: முடிந்த பாடல்களைக் கூட்டத்தின் போக்கறிந்து இடைவெளியின்றி இணைப்பது. அடுப்படியில் சமைப்பதற்கும் பந்தியில் இலை பார்த்துப் பரிமாறுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

செராட்டோ, டிராக்டர் போன்ற டிஜே மென்பொருளில் ஒரு பாட்டு ஒலிக்கும்போதே அடுத்ததை ஹெட்போனில் கேட்டு, வேகத்தைச் சரிசெய்து கலக்கலாம். தயாரிப்பு மென்பொருளில் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் ஒரே வேகக் கணக்கு. பாடல்களை முன்கூட்டியே அதற்குப் பொருத்தி வைக்க வேண்டும். யாராவது திடீரென்று வேறு பாட்டுக் கேட்டால் திண்டாட்டம்தான்!

ஏபிள்டன் லைவ் என்ற தயாரிப்பு மென்பொருள் மட்டும் விதிவிலக்கு. 2001இல் வெளிவந்தபோதே மேடையையும் மனதில் கொண்டது அது. சொந்த இசைத் துணுக்குகளை மேடையிலேயே அடுக்கி வாசிப்பவர்களுக்கு அதைத்தான் பரிந்துரைப்பேன்.

தயாரிப்பு மென்பொருள் என்பது டிஜே மென்பொருளின் மேம்பட்ட வடிவம் என்று பலர் நினைக்கிறார்கள்; அது சரியல்ல.